ஏரிக்கரைக் கிலோமீட்டர்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டால் ஆடாது. விடிந்ததிலிருந்து இந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரிந்துபோயிற்று. எதையாவது கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்வதே என் வேலையாக இருந்துவிட்டது. பழக்கம் விடவில்லை.

கடப்பாரை என்னுடையதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காவலாளி எழுதிக் கொடுத்திருக்கும் தாளில் ‘கம்பத்தைத் திருட முயன்றவர்’ என்று இருக்கிறது. அது சரியல்ல. திருடுகிறவன் கம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பான். நான் ஐந்து நாளாக முதல் பஸ்ஸில் வந்து, உங்கள் பூங்காவின் ஒரு கிலோமீட்டர் கம்பத்தைப் பிடுங்கி, இருபது மீட்டர் தள்ளி நட்டு, பழைய குழியை மூடி, மேலே புல்லைப் பதித்து, தண்ணீரும் தெளித்துவிட்டுப் போயிருக்கிறேன். இன்று ஆறாவது நாள். தண்ணீர் தெளிக்கிற திருடனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீலக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பது என் மனைவி. பக்கத்தில் கையில் குடையோடு இருப்பது என் அக்கா. மழை இல்லாவிட்டாலும் அக்கா குடை வைத்திருப்பார். பேசும்போது சுட்டிக்காட்ட வசதி. அவர்களை நீங்கள் உள்ளே கூப்பிடுவதற்கு முன் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் முடிவு செய்ய அது உதவும். எனக்கு அது ஒன்றுதான் கவலை. என் வேலை போவது பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் பக்கத்து நகரத்தின் பூங்காத் துறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். உங்கள் துறைக்கும் எங்கள் துறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மழைக்கு மரக்கன்று, இலை உதிர்ந்தால் எருக்குழி, பள்ளி விடுமுறைக்குச் சிறுவர் முகாம், வெயில் தணிந்ததும் ‘நூறு நாள் நடை’. இந்த நடைத் திட்டத்துக்காக எங்கள் ஏரிக்கரையில் ஒரு தடம் இருக்கிறது. வாசல் கதவிலிருந்து நூறு மீட்டருக்கு ஒரு கம்பம். மொத்தம் பத்து. பத்தாவது கம்பம் தடியானது, மஞ்சள் வண்ணம் அடித்தது. அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தொட்டால் ஒரு கிலோமீட்டர். திட்டம் முடிந்ததும் மற்ற ஒன்பதையும் பிடுங்கிக் கொட்டகையில் வைத்துவிடுவோம். புல் வெட்டும் வண்டி போகவேண்டும். மஞ்சள் கம்பம் மட்டும் வருடம் முழுவதும் நிற்கும்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறப்பது, கம்பங்களைத் துடைப்பது, மஞ்சள் கம்பம் வரை ஒரு நடை போய்ப் பாதையில் கிளை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது, இதெல்லாம் என் பொறுப்பு. ஊழியர்கள் திட்டத்தில் சேரக்கூடாது என்பது விதி. அதனால் நான் சேரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் என் மனைவியைத் தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கச் சொன்னார். ரத்த அழுத்தம். அவள் நூறு நாள் நடையில் காலைக் குழுவில் சேர்ந்தாள். என் அக்கா எதிர்வீடு. யாரும் நடக்கச் சொல்லாமலே மாலைக் குழுவில் சேர்ந்தார். ஒரு கிலோமீட்டருக்கு யாருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாசல் பலகையில் தினமும் எழுதுவார்கள். மூன்றாவது நாள் மனைவிக்குப் பத்தொன்பது. அக்காவுக்குப் பதினைந்து.

அன்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பத்தொம்பது நிமிஷமா? ஏம்மா, நீ கம்பத்துக்குப் போனியா, இல்ல நீ வர்ற வரைக்கும் பொறுக்கமாட்டாம கம்பமே உன்னத் தேடி வந்துச்சா?”

இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். யோசனை என்னுடையது அல்ல.

அக்கா போன பிறகு மனைவி ஷூவைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றச் சொன்னாள்.

“இனிமே நான் போகல. ஊரே பாக்க அசிங்கப்பட என்னால முடியாது.”

“ஊர் எங்க பாக்குது? ஆறு மணிக்கு வர்றவங்க எல்லாம் அவங்கவங்க கால பாத்து நடக்குறாங்க.”

“அண்ணி பாக்குறாங்கல்ல. அது ஊருக்குச் சமம்.”

ஒரே ஒரு நாள் போ, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு என்று கெஞ்சி அனுப்பினேன். மறுநாள் காலை மஞ்சள் கம்பத்தை வாசல் பக்கமாகப் பத்து மீட்டர் நகர்த்தினேன். அதை மட்டும் நகர்த்தினால் கடைசி இடைவெளி குறைந்து அசிங்கமாகத் தெரியும். அதனால் மற்ற ஒன்பதையும் அதற்குத் தகுந்த மாதிரி நகர்த்தினேன். ஒன்பதாவதை ஒன்பது மீட்டர், எட்டாவதை எட்டு மீட்டர், இப்படி. என்னைப் பற்றி நீங்கள் எது வேண்டுமானாலும் நினைக்கலாம், அரைகுறை வேலைக்காரன் என்று மட்டும் நினைக்கக்கூடாது.

அவள் திரும்பி வந்து பலகையைப் பார்த்தாள். பத்து நொடி குறைந்திருந்தது.

“கொஞ்சம் வேகமா வந்த மாதிரி இருக்கு, இல்ல?”

“இருக்கு” என்றேன்.

நான் அவளிடம் சொன்ன வார்த்தை அவ்வளவுதான். அதைப் பொய் என்று சொல்ல முடியுமா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கம்பம் நட்ட இடத்தில் நின்றது. கடிகாரம் ஓடுகிறபடி ஓடியது. அவளுக்கு ‘மாதிரி’ இருந்தது உண்மை.

காலைக் குழு போனதும் எல்லாக் கம்பத்தையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடுவேன். மாலைக் குழு உண்மையான ஒரு கிலோமீட்டரை நடந்தது. இப்படி முப்பது நாள். தினமும் இருபது குழி தோண்டி இருபது குழி மூடினேன். காலையில் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று கூட்டிக்கொண்டே போனேன். மனைவி பதினெட்டுக்கு வந்தாள். ஷூவைத் தானே துடைத்து வைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மாலைக் குழுவின் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். அவரை எல்லோரும் ‘விசில்’ என்போம். வாயில் விசிலை வைத்துக்கொண்டே பேசுவார். கோபம் வந்தால் அது தானாக ஊதும்.

“காலை பேட்ச் எல்லாம் குதிர மாதிரி பறக்குது. என் ஆளுங்க மட்டும் அதே எடத்துல அசையுறாங்க. சாயந்திரக் காத்துல என்னமோ இருக்குய்யா.”

“இருக்கலாம்” என்றேன்.

“ஆபீசுல சாயந்திர பேட்ச நிறுத்திடலாம்னு பேசுறாங்க. பிரயோஜனம் இல்லையாம். நாப்பது பேரு, எங்க போவாங்க?”

சொல்லும்போது விசில் மெல்ல அழுதது. எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் வருகிறவர்களுக்கு ஒரு கிலோமீட்டர், மாலையில் வருகிறவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் என்று பாரபட்சம் காட்டுவது ஓர் அரசு ஊழியனுக்கு அழகல்ல. அன்றிலிருந்து கம்பங்களைத் திருப்பி வைப்பதை நிறுத்திவிட்டேன். நியாயத்துக்கு நியாயம், எனக்கும் பத்துக் குழி மிச்சம்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. ஊர் முழுக்க வேகம் கூடியது. வாசல் பலகைக்கு முன் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பல வருடமாகப் பேசாதவர்கள்கூட நேரத்தை விசாரித்துக்கொண்டார்கள். மனிதர்கள் தங்களைப் பற்றிய கெட்ட செய்தி வந்தால்தான் அளந்து பார்க்கிறார்கள், மேடம். நல்ல செய்தியை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் கற்றது இது ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை பயந்தேன். மஞ்சள் கம்பத்துக்குப் பக்கத்தில் முன்பு ஒரு மூங்கில் புதர் இருந்தது. பெஞ்சை நகர்த்திவிட்டேன். குப்பைத்தொட்டியை நகர்த்திவிட்டேன். மூங்கிலை நகர்த்த முடியவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கம்பத்தைத் தொட்டபடி நின்று எட்டிப் பார்த்தார்.

“இந்தக் கம்பம் முன்ன மூங்கிலுக்குப் பக்கத்துல இருந்துச்சே?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்த அம்மா பதில் சொன்னார்.

“மூங்கில் வளருதுல்ல சார். வளர வளரத் தள்ளித்தான போகும்.”

“அதான பாத்தேன்” என்று தபால்காரர் திரும்பி நடந்தார். எனக்கும் ஒரு கணம் அது சரியென்றே பட்டது.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒன்பது கம்பத்தையும் பிடுங்கி, மறுவருடம் புதிதாக அளந்துதானே நடுகிறார்கள், அப்போது மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமே என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் வருடம் பொறியாளர் அளக்க வந்த அன்று, வீட்டில் மனசுக்குள்ளேயே விடைபெற்றுக்கொண்டு போனேன்.

ஆனால் எங்கள் துறையில் ஒரு நடைமுறை இருக்கிறது. தூரம் அளக்க எங்களிடம் நான்கு அளவுச் சக்கரங்கள் உண்டு. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால், எத்தனை மீட்டர் என்று மேலே எண் ஓடும். நாளாக ஆக எண்ணைத் திருப்பும் பல் தேயும், சில சுற்று எண்ணாமல் விட்டுப்போகும். அதனால் வருடம் ஒருமுறை நான்கையும் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, வாசலிலிருந்து மஞ்சள் கம்பம் வரை தள்ளி, ஆயிரம் காட்டும்வரை திருகைத் திருகிச் சரிசெய்ய வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எப்போதோ ஒரு சர்வேயர் சங்கிலி போட்டு அளந்து நட்ட கம்பம் அது. எங்கள் ஊரில் நம்பத்தகுந்த ஒரே ஒரு கிலோமீட்டர் அதுதான்.

பொறியாளர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பத்தைத் தொட்டதும் எண்ணைப் பார்த்தார். தொள்ளாயிரம் காட்டியது. சக்கரத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது, இந்த வருஷம் இவ்வளவு தேஞ்சிருக்கு?”

“ரொம்ப வேல செஞ்சிருக்கு சார்.”

“நாலுமே ஒரே மாதிரி தேஞ்சிருக்குய்யா.”

“ஒண்ணா வாங்கினது சார்.”

அவர் நான்கையும் திருகி ஆயிரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அதே சக்கரங்களை வைத்து ஒன்பது கம்பத்துக்கும் இடம் குறித்தார். இடைவெளி எல்லாம் கச்சிதமாக வந்தது. சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டார். அந்த நிமிடத்திலிருந்து என் மனச்சாட்சிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கம்பம் தப்பு என்று சொல்ல வேண்டியது சக்கரம். சக்கரம் தப்பு என்று சொல்ல வேண்டியது கம்பம். இரண்டும் ஒத்துப்போய்விட்ட பிறகு இடையில் நான் யார்?

இரண்டாம் வருட முடிவில் கம்பம் எழுநூற்று அறுபதில் நின்றது. மூன்றாம் வருட முடிவில் அறுநூற்றுப் பன்னிரண்டு. மூன்று வருடத்தில் ஓர் ஊரின் கிலோமீட்டரிலிருந்து முந்நூற்று எண்பத்தெட்டு மீட்டரை நான் எடுத்துவிட்டேன். மொத்தமாகக் கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஒரு நாளைக்கு என்று பார்த்தால் ஒன்றரை மீட்டர்கூட இல்லை.

விளைவுகள் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சக்கரங்கள் துறை முழுவதும் போகின்றன அல்லவா. மூன்றாம் வருடம் சமூகத் தோட்டத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டரில் பாத்தி பிரித்தார்கள். வழக்கமாக நாற்பது பாத்தி வரும் நிலத்தில் எழுபது வந்தது. பாத்திக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. எங்கள் இயக்குநர் அம்மாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. உள்ளே மண்வெட்டியைத் திருப்ப இடமில்லை என்று சிலர் முனகினார்கள். ‘நீங்க நடந்து மெலிஞ்சா சரியாப் போயிடும்’ என்றார் இயக்குநர்.

சிறுவர் முகாமின் ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் ஒரே நாளில் ஒன்பது பிள்ளைகள் நகரத்தின் சாதனையை முறியடித்தார்கள். அதில் ஒரு பெண் நடுவில் விழுந்து, எழுந்து, முட்டியை ஊதிவிட்டு ஓடியவள். வேலிக்குக் கம்பி அளந்து வாங்கியதில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. வீணாக்கக் கூடாது என்று மிஞ்சியதை வைத்து ஒரு வெற்றிடத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். அந்த வெற்றிடத்துக்கு இப்போது ஒரு காவலாளி இருக்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். அந்தத் தபால்காரர். ஒரு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் நடப்பவர் என்று பலகையில் பெயர் வாங்கியவர், பேத்தி கல்யாணத்துக்குப் போக ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர், அரைமணி நேரம் போதும் என்று மனைவியையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு நடந்தே கிளம்பினார். ரயில் போய் இருபது நிமிடம் கழித்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார். சம்பந்தி வீட்டில் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். ரயில் முன்கூட்டியே கிளம்பிவிட்டது என்று ரயில்வேக்கு மனு எழுதியிருக்கிறார். மனுவை நான்தான் டைப் செய்துகொடுத்தேன்.

என் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவள் பதினொன்றரை நிமிடத்துக்கு வந்துவிட்டாள். அக்கா ஒன்பதேகால். ஆனால் டாக்டரின் தராசு மட்டும் அசையவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்துமா குறையவில்லை என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டு, இனி ஐந்து நட என்றார். அவளும் ஐந்து நடந்தாள். நீங்களே பெருக்கிப் பாருங்கள். எங்கள் ஊர் ஐந்து என்பது சரியாக மூன்று கிலோமீட்டர், கூடவே அறுபது மீட்டர். டாக்டர் முதலில் சொன்னதைத்தான் அவள் நடந்திருக்கிறாள். ரத்த அழுத்தமும் குறைந்துவிட்டது. ஆக யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் ஊர் நடுவில் வராமல் இருந்திருந்தால் எல்லாம் நன்றாகவே போயிருக்கும்.

போன மாதம் நீங்கள்தானே நடைப்போட்டி வைத்தீர்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர், ஐந்து கிலோமீட்டர், இரண்டு ஊர். எங்கள் அணியில் பதினொரு பேர். மனைவி, அக்கா, தபால்காரர் எல்லோரும் உண்டு. பஸ்ஸிலேயே பரிசுக் கோப்பைக்கு எங்கே இடம் என்று பேசி, டிரைவர் பக்கத்து சீட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு போனேன். அவர்களைத் தடுத்திருக்கலாம். எப்படி என்றுதான் தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் ஐம்பது நிமிடத்தில் முடித்தார்கள். எங்கள் ஆட்களில் அக்கா முதலில் வந்தார், எழுபத்தைந்து நிமிடத்தில். என் மனைவி தொண்ணூற்றைந்தாவது நிமிடத்தில் வந்தபோது பரிசு கொடுத்து முடித்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் கயிறுகூட இல்லை. கயிறு கட்டியிருந்த இடத்தைக் கேட்டுக் கேட்டு வந்து தாண்டினாள்.

நான் தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை.

“எனக்கு என்னங்க ஆச்சு?” என்றாள்.

தொண்ணூற்றைந்தை ஐந்தால் வகுத்தால் பத்தொன்பது. மூன்று வருடத்தில் அவள் ஒரு நொடிகூட வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. இதை அவளிடம் சொல்லாமல் தண்ணீர் கேனைத் திருகி மூடினேன். அப்போது அக்கா வந்தார். நான் பயந்த மாதிரி கேலி பேசவில்லை. குடையால் உங்கள் கம்பத்தைச் சுட்டிக்காட்டினார்.

“உனக்கு ஒண்ணும் ஆகல. இவனுங்க கம்பத்தத் தள்ளி நட்டுருக்கானுங்க. ஊர ஏமாத்துற பசங்க.”

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் உயிர் வந்தது. “அதான அண்ணி. நானும் நடக்குறேன் நடக்குறேன், வரவே மாட்டேங்குது.”

முப்பது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றுதான். வீட்டில் இவ்வளவு நிம்மதி இருந்ததே இல்லை. அதை என்னால் கெடுக்க முடியவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். எங்கள் இயக்குநர் எங்கள் சக்கரத்தைக் கொண்டுவந்து உங்கள் தடத்தில் தள்ளினார். ஆயிரத்து அறுநூற்று முப்பத்துநான்கு காட்டியது. உங்கள் இயக்குநர் உங்கள் டேப்பை எடுத்துவந்தார். ஆயிரம் காட்டியது. டேப் பொய் என்றார் இவர். சக்கரம் பொய் என்றார் அவர். வாய்ச்சண்டை முற்றிக் கடைசியில் இதே தடத்தில் மறுபோட்டி என்று தேதி குறித்தார்கள். மூன்று வாரம் கழித்து.

அந்தக் கூட்டத்தில் என் மனைவி எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

“எனக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பன்னண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா, இனிமே எந்தத் தடத்துலயும் கால் வைக்கமாட்டேன். ஷூவ இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் டாக்டர் முகத்தை நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னால் சொன்னதுதான். ஷூவைக் கழற்றினால் மறுபடி மாட்டமாட்டாள். மூன்று வருடமாக அவளை நடக்கவைத்த வேலை ஒரே காலையில் வீணாகும்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. எங்கள் கம்பத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஓர் ஊரையே மூன்று வாரத்தில் வயதாக்குவது பாவம். இன்னொரு வழி, உங்கள் கம்பத்தைக் கிட்டே கொண்டுவருவது. நடுவில் சின்னக் கம்பங்கள் இல்லை, ஒன்றே ஒன்றுதான் என்பதும் வசதியாக இருந்தது. எங்கள் ஊரில் மூன்று வருடம் எடுத்துக்கொண்ட வேலையை இங்கே மூன்று வாரத்தில் முடிக்க வேண்டியிருந்ததால் தினமும் இருபது மீட்டர் நகர்த்தினேன். அந்த அவசரம்தான் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் நடையாளர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எங்களைவிட உசத்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நேற்றே இரண்டு பேர் கம்பத்தடியில் நின்று, புது ஷூ நன்றாக உழைக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கண்டுபிடித்தது காவலாளியின் நாய். தினமும் காலையில் அந்தக் கம்பத்தடியில் காலைத் தூக்குவது அதன் வழக்கம். முதல் நாள் பழைய இடத்துக்கே போய், காலைத் தூக்கியபடி வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு இந்த நாய் ஏன் அரைமணி நேரம் சுற்றுகிறது என்று பார்க்க இன்று காவலாளியே வந்துவிட்டார். எங்கள் பூங்காவில் நாய்களுக்கு அனுமதி இல்லை. அந்த விதியைப் போட்டவர் தீர்க்கதரிசி.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரின் கிலோமீட்டரைக் குறைத்தது நான். உங்கள் ஊரின் கிலோமீட்டரில் நூறு மீட்டரைக் குறைத்ததும் நான். பிள்ளைகளின் சாதனை, எழுபது பாத்தி, வேலி போட்ட வெற்றிடம், தபால்காரரின் ரயில் எல்லாம் என் கணக்கு. யாரும் எனக்கு உதவவில்லை, யாரும் என்னைத் தூண்டவும் இல்லை. அக்கா சொன்னதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

ஆனால் மனைவியை உள்ளே கூப்பிடும்போது, காவலாளி எழுதியதே இருக்கட்டும், மேடம். கம்பத்தைத் திருட வந்தான் என்று சொல்லிவிடுங்கள். இரும்புக்கு ஆசைப்பட்டான் என்று சொல்லுங்கள். திருடனின் பெண்டாட்டி என்பதை அவள் தாங்கிக்கொள்வாள். நான்கு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு சரியாகிவிடும். பத்தொன்பது நிமிடம் என்பதைத் தாங்கமாட்டாள். மறுபோட்டியைக் கம்பம் பிடுங்கப்பட்டதைக் காட்டி ரத்து செய்துவிடலாம். நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் எங்கள் ஏரிக்கரையில் இருப்பாள். எனக்கு அது போதும்.

கையெழுத்து போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, ‘அந்த நகரத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான நடை நேரங்கள் அனைத்தும் பொய்யானவை’ என்று. ‘அனைத்தும்’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒன்று உண்மை. திட்டத்தில் சேரவில்லையே தவிர, கிளை பார்க்கப் போகும்போது நானும் வாசலிலிருந்து மஞ்சள் கம்பம் வரை தினமும் கடிகாரம் பார்த்துத்தான் நடப்பேன். முதல் வருடம் எனக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. இப்போது எட்டரை. எனக்கு யாரும் எதையும் நகர்த்திக் கொடுக்கவில்லை. அது முழுக்க என் சொந்த உழைப்பு.

நம்பாதது போலப் பார்க்கிறீர்கள். உங்கள் தடத்திலேயே பார்த்தேனே. முதல் நாள், கடப்பாரையைத் தொடுவதற்கு முன், உங்கள் கம்பம்வரை நடக்க எனக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. புது ஊர், புதுக் காற்று, கால் பழகவேண்டும் அல்லவா. இன்று காலை பன்னிரண்டரைதான் ஆனது. ஐந்தே நாள் பயிற்சி, மேடம். உங்கள் காவலாளி இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால், இங்கேயும் எட்டரைக்கு வந்திருப்பேன்.